சிறை சென்றவரின் வீடு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



‘இன்குலாப் ஜிந்தாபாத்’ முழக்கத்தைத் தந்தவர், 1921ஆம் ஆண்டு அஹ்மதாபாத் காங்கிரஸ் மாநாட்டில் முழு விடுதலை கோரியவர் என்று மௌலானா ஹஸ்ரத் மோஹானி (ரஹ்) அவர்களை நாம் அறிவோம். அவர்கள் சிறையில் இருந்தபோது வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று நாம் கேட்டதில்லை. இன்று அந்த வீட்டைப் பற்றியே பேச நாடுகிறேன்.

அலீகரில் பட்டம் பெற்ற மௌலானா, அரசுப் பணியை நாடாமல் ‘உர்தூயே முஅல்லா’ என்ற இதழை நடத்தினார்கள். எகிப்தில் ஆங்கிலேயர் கொண்டிருந்த கொள்கையைக் கண்டித்து அதில் வெளிவந்த கட்டுரைக்காக 1908இல் ராஜதுரோக வழக்குத் தொடரப்பட்டது. எழுதியவர் வேறொருவர். அவர் பெயரைச் சொல்ல மறுத்துப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்கள். கடுங்காவல் தண்டனை, சிறையில் கோதுமை அரைக்கும் வேலை. அபராதத்திற்காக அவர்கள் அரிதின் சேர்த்த நூல்கள் அற்ப விலைக்கு ஏலம் போயின.

கைதான வேளையில் கைக்குழந்தை நோயுற்றிருந்தது. அப்படியிருந்தும் துணைவியார் நிஷாதுன்னிஸா பேகம், வீட்டைப் பற்றிய கவலை வேண்டாம், உறுதி தளர வேண்டாம் என்றே சிறைக்கு எழுதினார்கள். 1916இல் மௌலானா மீண்டும் சிறைப்பட்டபோது வருமானம் நின்றது. நண்பர்கள் பலர் அந்த வாசலை மிதிக்க அஞ்சினர். பண்டிட் கிஷன் பிரசாத் கௌல் என்பவர் மட்டும் தேடிச் சென்று பொருளுதவி செய்ய முன்வந்தார். அம்மையார் ஏற்கவில்லை. கணவரின் கவிதைத் தொகுப்புப் பிரதிகளை விற்றுக் கொடுத்தால் போதும் என்றார்கள். நாம் உதவச் செல்லும்போது, கை நீட்டுபவராக அவர்களை நிறுத்தாமல், என்ன தொழில் தெரியும், எதை விற்றுத் தரலாம் என்று கேட்டுச் செல்ல வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இவையெல்லாம் வெள்ளையர் காலத்தோடு முடிந்தவை அல்ல. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019, 2020ஆம் ஆண்டுகளில் திரண்டவர்கள் மீது தமிழகத்திலும் வழக்குகள் பதிவாயின. வன்முறை சாராத வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. டெல்லியில் அப்போராட்டத்தையொட்டி யு.ஏ.பி.ஏ. சட்டத்தில் 2020இல் கைதான சிலரோ, தீர்ப்பு ஏதுமின்றி ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தனர். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதை, வளைகுடா வருமானத்தில் வாழும் நம் ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குற்றவாளி யார், நிரபராதி யார் என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, பள்ளிவாசலின் வேலையன்று. தண்டனை உறுதியானாலும்கூட, மனைவி மக்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர். ஒருவர் சுமையை மற்றவர் மீது ஏற்றலாகாது என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நீதி.

ஜகாத் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். வருமானமின்றி வறுமையுற்ற குடும்பம் ஃபுகரா, மஸாகீன் வகையில் சேரும். வழக்கிற்காகக் கடன்பட்டு அடைக்க வழியற்றவர் காரிமீன் வகையில் சேர்வார். தாராளமாகக் கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்ய வேண்டும். மனு எழுதத் தெரிந்த நம்மவர் ஒருவர் அக்குடும்பத்தாருடன் சென்றால் பாதி பாரம் இறங்கும்.

பணத்தைக் கொடுத்துவிடுவோம், அது எளிது. நிச்சயித்த நிக்காஹை நிறுத்துவதும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதும், மக்தபில் அந்தப் பிள்ளையைச் சுட்டிக்காட்டிப் பேசுவதும்தான் அவர்களை வீட்டுக்குள் முடக்குகின்றன. மக்தபில் அத்தகைய பேச்சு எழாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வாடகை வீடுகள் உங்கள் கையில் இருக்கின்றன.