மணப்பாகும் நம் அடுக்களையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'சிரப்' என்றவுடன் நமக்குக் கடையில் விற்கும் வண்ணப் புட்டியே நினைவுக்கு வருகிறது. அச்சொல்லும் 'சர்பத்து' என்பதும் குடித்தலைக் குறிக்கும் ஓர் அரபு வேரினின்று பிறந்தவை. பொருளோ நமக்குப் புதிதன்று. மாதுளைச் சாற்றில் இனிப்புச் சேர்த்துக் காய்ச்சிய மாதுளை மணப்பாகைச் சித்த வைத்தியர்கள் இன்றும் குமட்டலுக்குக் கொடுக்கின்றனர். மணப்பாகு! இத்துணை அழகிய சொல்லை மருந்துக் கடையிலேயே விட்டுவிட்டோம்.

மும்பையில் வாழும் நமக்கு வாய்த்த பழம் கோகம். கொங்கணத்து மரம், நம் குடம்புளிக்கு நெருங்கிய உறவு. கோடையில் பழம் வந்ததும் மராத்தியச் சகோதரிகள் ஜாடியை எடுத்து விடுகிறார்கள். பழத்தைப் பிளந்து, கொட்டையை நீக்கி, தோலைக் கிண்ணம்போல் வைத்துச் சர்க்கரை நிரப்பி, அடுக்கடுக்காகப் பீங்கான் ஜாடியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைக்கிறார்கள். தோலின் எடைக்குச் சர்க்கரை இரு மடங்கு. அடுப்பே வேண்டுவதில்லை, சர்க்கரை தோலிலுள்ள நீரை வெளியே ஈர்த்துத் தானே செம்பாகாகிறது. புளிப்பு மிகுந்த பழமாதலின் பித்தளை, செம்புப் பாத்திரங்கள் ஆகா.

சிக்கனம் கருதிச் சர்க்கரையைக் குறைப்போர் உண்டு. அது வீண் சிக்கனம். ஜாடி நுரைத்துப் புளித்துவிடும். அடர்ந்த பாகில் நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான நீர் கிடைப்பதில்லை என்பதே இதன் சூட்சுமம். 1955-ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை, பழப்பாகில் கரைபொருள் நூற்றுக்கு 65 பங்கும், பழச்சாறு 25 பங்கும் குறையாதிருக்க வேண்டுமென விதித்தது. அவ்வாணை நீங்கிய பின்னும் இவ்வளவுகள் இன்றைய விதிகளில் தொடர்கின்றன. ஆகவே புட்டி வாங்குவோர் அதன் சீட்டைப் படித்தல் நன்று. 'செயற்கை' எனப் பொறித்த பாகில் பழத்தைத் தேடிப் பயனில்லை.

சமையலில் ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் பால் பாயசத்தில் புளிப்புப் பாகை ஊற்றினால் பால் திரிந்துவிடும். இறக்கி நன்கு ஆறிய பின், இனிப்பு மிகுந்த மாம்பழப் பாகாகச் சிறிது சேர்க்கலாம். கேசரிக்கு இத்தொல்லை இல்லை. பாகில் பெரும்பகுதி சர்க்கரையே ஆதலின் அந்த அளவுக்குச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்க. ஆப்பத்தின்மேல் கோகப் பாகு ஊற்றித் தந்தால் குழந்தைகள் மறுமுறை கேட்பார்கள். நீரிழிவுள்ளோர் மட்டும் எம்மை மன்னிக்க!

நம்மவர் பலர் பணியாற்றும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வில் வளர்ந்த கதிர்வீச்சு முறையால் பதப்படுத்திய மாம்பழம், 2007-இல் அமெரிக்காவுக்கே சென்றது. பெருமைதான். ஆயினும் நம் வீட்டில் ஒரே நாளில் கனிந்துவிடும் அரைக் கூடைப் பழத்துக்குச் சர்க்கரையே கதி.

பணி ஓய்வு பெற்றதும் இக்குடியிருப்பை விட்டுப் புறப்பட வேண்டியவர்கள் நாம். முப்பது ஆண்டுகள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியும், எதிர்வீட்டு அம்மையாரிடம் இந்த ஜாடி முறையைக் கேட்டறியாமல் ஊர் திரும்புவோமா? அவருக்கும் நம் மாதுளை மணப்பாகைச் சொல்ல ஆளில்லாமற் போகலாமா? வருகின்ற கோடையில் மாதர் பகுதியினர் இரு வீட்டாரையும் கூட்டி இதனைச் செய்து காட்ட வேண்டுகிறோம்.

மறவாதீர்கள்: பாகை வடித்த பின் எஞ்சும் தோலை எறிந்துவிட வேண்டாம். உலர்த்தி வைத்தால் இனிப்புப் பச்சடிக்கு உதவும்.