ஊர் கூடினால் பிள்ளைகளைக் காக்கலாம்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று செல்போன் நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. பள்ளிகள் திறந்து ஆண்டுகள் பல ஆகியும் அது கையைவிட்டு அகலவில்லை.

செல்போனே வேண்டாம் என்று நான் கூற வரவில்லை. மழை அறிவிப்பும் சந்தை விலையும் வங்கிக் கணக்கும் இன்று அதன் வழியாகவே நம்மை அடைகின்றன. ஆனால் யூடியூப், இன்ஸ்டாகிராம் போன்றவை எவ்வாறு இயங்குகின்றன என்பதை நாம் அறிய வேண்டும். ஒரு காட்சி முடிந்ததும் அடுத்தது தானாகவே வந்து நிற்கிறது. பார்ப்பவர் தங்கும் நேரத்துக்கு ஏற்ப விளம்பர வருவாய் பெருகுவதால், எழுந்து போக மனம் வராதபடியே அவை அமைக்கப்பட்டுள்ளன. பெரியவர்களே மீள இயலாத இடத்தில் பத்து வயதுப் பிள்ளையை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. உறக்கமும் படிப்பும் விளையாட்டும் ஒருங்கே கெடுகின்றன.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே காட்ட வேண்டாம். நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. சோறூட்டுவதற்காகச் செல்போனைக் காட்டும் தாய்மார்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு வீடு மட்டும் கட்டுப்பாடு செய்தால், “அடுத்த வீட்டுப் பையன் பார்க்கிறானே” என்று பிள்ளை கேட்கும். ஊர் முழுவதும் சேர்ந்தால் அக்கேள்விக்கு இடமில்லை. மராட்டிய மாநிலம் சாங்லி மாவட்டத்திலுள்ள மோஹித்யாஞ்சே வட்காவ் என்னும் கிராமம் 2022இல் இதற்கு வழி காட்டியது. மாலை 7 மணிக்கு அங்கே சங்கு ஊதும். செல்போனையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுவார்கள். 8.30 மணிக்கு மறுபடி சங்கு ஊதும்வரை பிள்ளைகள் படிப்பார்கள். பெரியவர்களும் உடன் நிறுத்தியதே இதன் சிறப்பு. தந்தை கையில் செல்போன் இருக்கும்போது மகனுக்குச் சொல்லும் புத்தி எடுபடுமா?

நாமும் அடுத்த கிராம சபையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்குமாயின், அந்த நேரத்தில் அதனைத் திறந்து விளக்கேற்றுங்கள். விளையாட்டுத் திடலில் முள் மண்டியிருந்தால் அகற்றுங்கள்.

மற்றொன்றும் கூற வேண்டும். முன்பின் அறியாதவர் நட்புப் பாராட்டிப் படம் பெற்று, பின் அதனைக் காட்டி மிரட்டுவது உண்டு. அடிக்கும் வசவுக்கும் அஞ்சிப் பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். அச்சம் வளர்ந்து உயிருக்கே உலையாகலாம். குற்றம் மிரட்டியவனுடையது. பெண்ணின் படிப்பை நிறுத்துவது அவளைத் தண்டிப்பதாகும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிள்ளைகளின் பக்கம் நிற்கிறது. 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை அழையுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதியாது 1930ஐ அழையுங்கள். இவ்விரு எண்களையும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஊராரின் மன ஒற்றுமையே வேண்டும். அதனைத் திரட்ட ஊராட்சி உறுப்பினர்களாகிய நீங்கள் முன்னிற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.