மாமியாரையும் வகுப்புக்கு அழைத்து வாருங்கள்

தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் தலைப்பிள்ளை சுமக்கும் பெண்ணைப் பயமுறுத்த ஆள் தேட வேண்டியதில்லை. "எனக்கு ரெண்டு நாள் இடுப்பு வலி" என்று ஓர் அத்தை ஆரம்பிப்பார். "என் தங்கச்சிக்கு அறுத்துத்தான் எடுத்தாங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா முடித்து வைப்பார்.

கிளினிக்கில் நடக்கும் பேறுகால வகுப்பு இந்தப் பயத்தோடுதான் மல்லுக்கு நிற்கிறது. பயம் தசையை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும் என்று இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933இலேயே எழுதினார். பயம் போனால் வலியும் அநேகமாகப் போய்விடும் என்றும் நம்பினார். அது கொஞ்சம் அதிகம். பெற்றவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். மூச்சுப் பயிற்சி வலியைத் தாங்க உதவும், துடைத்துப் போட்டுவிடாது. அப்படிச் சொல்லித் தரும் வகுப்பே நேர்மையான வகுப்பு.

என் கணிப்பில் வகுப்பின் பெரிய பலன் வேறு. கையில் இருக்கும் பிங்க் நிறப் பேறுகாலப் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். அதில் மிஸ்ஸி (தாதி) வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறக் குறி வைப்பார். சிவப்பென்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. மஞ்சளோ பச்சையோ இருந்தால், கவனிக்க வேண்டியது நிபுணரா கிளினிக் டாக்டரா என்று காட்டும் குறி, அவ்வளவுதான். இதை விளக்க ஆளில்லாமல், மஞ்சளைக் கண்டதும் "பிள்ளைக்கு என்னமோ ஆச்சு" என்று ராத்திரியெல்லாம் அழுகிறவர்கள் உண்டு. பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வது, எப்போது கிளம்புவது, கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஏன் அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் குறையும். பிரசவ நேரத்தில் தாய் விரும்பும் ஒருவர் கூடவே இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்தது. உங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு இடமுண்டா என்று வகுப்பிலேயே கேட்டுவிடலாம்.

குறையும் இருக்கிறது. மலாய் மொழியில் நடக்கும் பாடம் நம் பெண்களுக்குப் புரியும். ஆனால் கூச்சத்தை விட்டு மனப்பயத்தைச் சொல்லத் தமிழ் பேசும் மிஸ்ஸி ஒருவராவது வேண்டும். அதைவிடப் பெரிய குறை, பயமுறுத்துகிற அத்தையும் அக்காவும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்! வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டது, சாயங்காலத்துக்குள் அழிந்துபோகிறது.

ஆகவே தாய்மார்களே, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது வகுப்பு என்றைக்கு என்று கேளுங்கள். அம்மாவையோ மாமியாரையோ கூடவே கூட்டிப் போங்கள். முடிந்தால், வளைகாப்பு நாளில் வளையல் அடுக்குவதற்கு முன் அரை மணி நேரம் பேச, தெரிந்த மிஸ்ஸி ஒருவரையும் அழையுங்கள்.