திருப்பண்டங்களும் நம் பக்தியும்

(நூற்றாண்டு நிறைவையொட்டி அலுவிகாரையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பாரின் சார்பில் பேசும்படி நூற்றாண்டுக் குழு எங்களைக் கேட்டுக்கொண்டது. பழைய கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்போம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சாப்பாட்டு மேசையில் சொல்கிறோம். இங்கே சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, குழு எடுத்த ஒரு முடிவுக்கான காரணம். மற்றது, நெடுநாளாக நாங்கள் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு கடன்.

முதலில் முடிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் வாழும் நம் சகோதரி ஒருவர் சென்ற ஆண்டு குழுவுக்கு எழுதினார். இணையத்தில் புனிதர் ஒருவரின் எலும்புத் துகள் கொண்ட சிறு பேழையொன்று விலைக்கு வந்திருக்கிறது, மெழுகு முத்திரையும் இருக்கிறது, பணம் முழுவதையும் தாமே தருகிறார், நம் சிற்றாலயத்துக்கு அதுவே நூற்றாண்டுக் காணிக்கையாக இருக்கட்டும் என்றார். சிற்றாலயத்தின் பீடத்துக்குப் பக்கத்தில் சுவரில் பதித்த கண்ணாடிப் பேழை ஒன்று காலியாக இருப்பதை அவர் மறக்கவில்லை. அவருடைய அன்பில் எவருக்கும் ஐயமில்லை. ஆனாலும் மூன்று கூட்டங்களில் பேசிய பின் நாங்கள் அதை ஏற்கவில்லை. ஏன் என்று அறியும் உரிமை அவருக்கும் உங்களுக்கும் உண்டு.

திருப்பண்டம் என்றால் என்ன? சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் மூன்று வகை என்று படித்தோம். புனிதரின் உடலோ உடலின் பகுதியோ முதல் வகை. அவர் உடுத்த உடை, கையாண்ட செபமாலை, புத்தகம் போன்றவை இரண்டாம் வகை. முதல் வகைத் திருப்பண்டத்தைத் தொட்டு எடுத்த துணியும் மற்றப் பொருள்களும் மூன்றாம் வகை. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அந்தோனியாரின் நாவின் சிறு பகுதி பேணப்படுகிறது. அந்தக் கண்ணாடியில் கைலேஞ்சியை ஒற்றி, வீட்டில் காய்ச்சலாய்க் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் வைக்கும் தாய்மார் எத்தனை பேர்! நம் அம்மாமாரும் அதைச் செய்தவர்களே.

அது மூடநம்பிக்கையா? வேதாகமத்தைத் திறந்து பார்ப்போம். எலிசேயு இறைவாக்கினரின் எலும்புகளில் பட்ட இறந்தவன் உயிர்பெற்று எழுந்ததாக அரசர்கள் இரண்டாம் நூல் சொல்கிறது. பவுலின் உடலில் பட்ட துணிகள் நோயாளரிடம் கொண்டுபோகப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் சொல்கிறது. இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஆண்டவரின் ஆடையைத்தான் தொட்டாள். ஆனால் ஆண்டவர் அவளிடம், உன் நம்பிக்கையே உன்னைக் குணமாக்கியது என்ற பொருளில் பேசினார். ஆடையை அவர் புகழவில்லை. தொட்டதற்காக அவளைக் கடியவும் இல்லை. திருப்பண்ட பக்தியின் முழுப் பாடமும் அந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது.

155ஆம் ஆண்டளவில் சிமிர்னா நகரில் ஆயர் பொலிக்கார்ப்பு எரிக்கப்பட்டபோது, அவருடைய எலும்புகளைச் சபையார் விலையுயர்ந்த பொருளைப் போலச் சேகரித்து வைத்தார்கள். வேதசாட்சிகளின் கல்லறைகள் மேல் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் வழக்கமும் பழமையானது. நிலையான பீடத்தின் அடியில் வேதசாட்சிகளின் அல்லது மற்றப் புனிதர்களின் திருப்பண்டங்களை வைக்கும் மரபு இன்றும் காக்கப்படுகிறது. கிறிஸ்துவின் உடலைப் பெறும் இடமும், அவருக்காக உடலைக் கொடுத்தவர் கிடக்கும் இடமும் ஒன்றாக இருக்கட்டும் என்பதே அதன் கருத்து. உடல் இழிந்தது, ஆன்மா மட்டுமே உயர்ந்தது என்று திருச்சபை கற்பிப்பதில்லை. நோயாளியைத் தூக்கிய கையும் செபத்தில் மடிந்த முழங்காலும் உயிர்ப்பு நாளில் எழும் என்று விசுவசிக்கிறோம். அதனால்தான் எலும்புக்கு மரியாதை. ஆராதனை இறைவனுக்கு மட்டுமே. புனிதருக்கு நாம் கொடுப்பது வணக்கம். இந்த வேறுபாட்டைப் புனித எரோணிமுஸ் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதாடி நிலைநாட்டினார்.

மரியாதை உள்ள இடத்தில் வியாபாரமும் நுழைந்துவிடும். ஐரோப்பாவில் திருப்பண்டங்களை வைத்துப் பணம் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒரே புனிதரின் தலை இரண்டு ஊர்களில் இருப்பதாகச் சொல்லப்பட்டதும் உண்டு. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருப்பண்ட வணக்கத்தை உறுதிசெய்தபோதே, மூடநம்பிக்கையும் இழிவான ஆதாயமும் ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1190ஆம் இலக்கம், திருப்பண்டங்களை விற்பது அறவே தகாது என்கிறது.

குழுவில் ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். "விற்பதுதானே பிழை? கண்டவர் கையில் போகாமல் நாங்கள் வாங்கினால் அது மீட்பது அல்லவா?" நாங்கள் வெகுநேரம் யோசித்தோம். வாங்குகிறவர் இருப்பதால்தான் விற்கிறவர் இருக்கிறார். இன்று ஒன்றை மீட்டால் நாளை பத்து விலைக்கு வரும். அதோடு, முத்திரையும் பத்திரமும் கூடப் போலியாகச் செய்யக் கூடியவை. யாருடையது என்று தெரியாத எலும்பின் முன் நம் பிள்ளைகளை முழங்காலில் வைப்பது சரியா? இந்தக் கேள்விக்கு எங்களில் எவரிடமும் பதில் இருக்கவில்லை.

இனி அந்தக் கடனுக்கு வருகிறோம்.

இந்த ஊர் நமக்குப் புதிதல்ல. பள்ளிக் காலத்தில் மாத்தளையிலிருந்து இரண்டு வரிசையாக நடந்து இந்தக் கற்பாறைக் குகைகளைப் பார்க்க வந்தோம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக வந்த திரிபிடகத்தைப் பிக்குகள் ஓலையில் எழுதிவைத்த இடம் இது. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கியபோது இங்கிருந்த ஏட்டுச் சுவடிகள் அழிந்தன. இவற்றை ஆசிரியை சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அன்று எங்களோடு விடுதியில் இருந்த பௌத்தத் தோழி ஒருத்தி, கண்டியில் பெரஹராவின்போது தாத்தாவின் தோளில் இருந்து தந்ததாதுப் பேழையைச் சுமந்து வந்த யானையைக் கண்டதைக் கண்கள் விரியச் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். "ஒரு பல்லுக்கா இவ்வளவு?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அடுத்த செவ்வாய் நாங்கள் நவநாளில் அந்தோனியாரின் நாவைப் பற்றிப் பாடினோம். அவள் வழக்கம்போல எங்கள் முக்காடுகளை மடித்து வைத்தாள். திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வளர்ந்தபின் படித்த வரலாறு எங்கள் சிரிப்பை எங்களுக்கே கசக்க வைத்தது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1552 டிசம்பர் 3ஆம் திகதி சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். அவருடைய உடல் 1554இல் கோவாவுக்கு வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. 1560இல் யாழ்ப்பாணத்தின் மேல் படையெடுத்த போர்த்துக்கீச அரசப் பிரதிநிதி, அங்கே கைப்பற்றிய பல்லொன்றை அதே கோவாவுக்குக் கொண்டுபோனார். அது புத்தரின் தந்ததாது என்று சொல்லப்பட்டது. பர்மாவின் பேகு நாட்டு மன்னன் அதற்காகப் பெருந்தொகை தர முன்வந்தான். விற்பது பாவம் என்று மறுத்தார்கள். மறுத்தவர்கள், சபையோர் பார்க்க அதை உரலில் இட்டு இடித்து, தூளை எரித்து, ஆற்றில் எறிந்தார்கள். உண்மையான தந்ததாது அப்போது தெல்கமுவையில் மறைத்துக் காக்கப்பட்டது என்பது பௌத்தர்களின் மரபு. எதுவாயினும் ஆகட்டும். ஒரு புனிதரின் உடலை முத்தமிட்டு ஆறேழு ஆண்டுகள் கழியுமுன், இன்னொரு மக்கள் முத்தமிடும் பொருளை அதே ஊர் இடித்தது. எங்கள் சிரிப்பு அந்த உரலின் ஓசைதான், சிறிதாக.

அதே கோவாதான் நமக்குப் புனித யோசேவ் வாஸ் அடிகளாரையும் தந்தது. 1651 ஏப்ரல் 21ஆம் திகதி பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைத் தொழிலாளி வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலை மக்களிடையே மறைவாகப் பணி செய்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றர் என்று சிறையில் வைக்கப்பட்டார். பின்பு அவருக்கு இரங்கி, ஆலயம் கட்டவும் ஊர் ஊராகப் போகவும் இடங்கொடுத்தவர் யார்? இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன். தந்ததாதுவைத் தன் தலைநகரில் காத்து வணங்கிய பௌத்த மன்னன். கடலோரத்தில் கிறிஸ்தவர்களே கத்தோலிக்கரை விரட்டிய நாளில், தந்ததாதுவின் நிழலில்தான் நம் விசுவாசம் பிழைத்தது. 1697இல் கண்டியில் அம்மை பரவி, உறவினரே நோயாளரைக் காட்டில் விட்டு ஓடியபோது, அடிகளார் சாதி சமயம் பாராமல் அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார். கடனைத் திருப்பிக் கொடுக்கும் முறை அது.

1711 ஜனவரி 16ஆம் திகதி அவர் கண்டியில் இறந்து, அங்கே இருந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிற்காலக் கலகங்களில் அந்த ஆலயம் அழிந்தது. இதோ அவருடைய கல்லறை என்று காட்ட இன்று ஓரிடம் இல்லை. 1995 ஜனவரி 21ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலிமுகத்திடலில் அவருக்கு முத்திப்பேறு வழங்கினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி அதே திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கையில் எடுத்துக் கும்பிடக் கல்லறைகூட இல்லாத ஒருவரை இலட்சக்கணக்கானோர் தங்கள் புனிதராகக் கண்டார்கள். அவர் நடந்த பாதையும், ஞானஸ்நானம் பெற்றவர்களின் வழிவந்த குடும்பங்களும்தான் அவர் நமக்கு விட்டுச் சென்றவை.

அதனால் திருப்பண்டங்கள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2019இல் உயிர்ப்பு ஞாயிறன்று கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் இரத்தம் தெறித்த ஆண்டவர் சுரூபத்தின் முன் நின்றவர்களுக்கு, ஒரு பொருள் எவ்வளவு பேசும் என்று தெரியும். பொருள் பேசட்டும். அதற்கு விலை பேச வேண்டாம். அடுத்தவரின் பொருள் பேசும்போது நாம் சிரிக்கவும் வேண்டாம்.

ஆகையால் குழு செய்தது இதுதான். திருப்பண்டம் ஒன்று நம் சிற்றாலயத்துக்குக் கிடைக்குமா என்று மறைமாவட்டத்தின் வழியாக, முறைப்படி, விலையின்றிக் கேட்டிருக்கிறோம். கிடைத்தால் மகிழ்ச்சி. பணம் தர முன்வந்த சகோதரி எங்கள் காரணங்களைப் படித்துவிட்டு, அதே தொகையைத் தோட்டப்புறத்திலிருந்து வரும் பிள்ளைகளின் விடுதிச் செலவுக்குத் தந்துவிட்டார். அவருக்குச் சங்கத்தின் நன்றி. பீடத்துக்குப் பக்கத்துப் பேழையை இந்தப் பெருநாளுக்காகத் துடைத்து, உள்ளே எதுவும் வைக்காமல், முன்னால் யோசேவ் வாஸ் அடிகளாரின் படமும் ஒரு விளக்கும் வைத்திருக்கிறோம். கல்லறையில்லாத புனிதருக்கு வெறும் பேழை பொருத்தமே என்று பட்டது.

கடைசியாக அந்தக் கடன். எங்கள் பௌத்தத் தோழி இன்று இங்கே, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். காலையில் அவளோடு பாறைப் படிகளில் ஏறினோம். வயது முழங்காலில் தெரிந்தது. மேலே ஓலையில் எழுத்தாணியால் எழுதிக் காட்டும் இடத்தில் நின்று, அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். அவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது. "அப்போ உங்களுக்குச் சொல்லித் தர ஆள் இருக்கவில்லை" என்றாள். பிறகு, "எங்களுக்கும்தான், உங்கட அந்தோனியார் நாக்கைப் பற்றி விடுதியில் நாங்களும் ரகசியமாய்ச் சிரிச்சிருக்கிறோம்" என்றாள். படியில் உட்கார்ந்து எல்லோரும் சிரித்தோம்.

நம் பிள்ளைகளுக்காவது சொல்லித் தர ஆள் இருக்கட்டும். அதற்காகவே இதை இங்கே சொன்னோம், மலரிலும் அச்சிடக் கேட்டுக்கொண்டோம்.