மெட்டு மறையாத அணி
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

சங்கீதத்தைப் பற்றிப் பேச நாம் வித்துவான் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆயினும் நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு மனத்தாங்கலே நம்மை இம்மேடைக்கு இழுத்து வந்தது.

சென்ற ஆண்டு விழாவில் நம் புதல்வன் கிட்டாரில் காவடிச்சிந்து வாசித்ததைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். முன்வரிசையில் நம் அன்னையார் தாளம் போடக் கையைத் தூக்கி அமர்ந்திருந்தார். அவர் கழுகுமலைப் பக்கத்தவர். சற்று நேரத்தில் அக்கை மடியில் இறங்கிவிட்டது. கரகோஷம் ஓய்ந்தபின் பேரனைத் தடவிக்கொடுத்து, “நல்லாத்தான் இருக்கு ராசா. இது என்ன பாட்டு?” என்றார். பையன் கிட்டாரை உறையிலிட்டான். ஒரு மாதம் தொடவில்லை.

பிழை எங்கே? அவன் கைப்பேசியில் கேட்டுப் பயின்றது அமெரிக்க நாட்டின் ‘புளூகிராஸ்’ முறை. சிறு தகட்டை விரலிடுக்கில் பிடித்து, மேலும் கீழுமாகத் தந்திகளை விரைந்து மீட்டுவர். அதில் பெரும்புகழ் பெற்றவர் டாக் வாட்சன் (1923–2012). வட கரோலினாவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கண்ணிழந்தவர். 1950-களில் அவர் இருந்த நடனக் குழுவில் பிடில்காரர் இல்லை. ஆகவே பிடிலுக்குரிய நாட்டுப்புற மெட்டுகளைக் கிட்டாரிலேயே வாசித்துப் பழகினார்.

பிடிலில் வில் ஓடும்வரை நாதம் நிற்கும். மீட்டிய தந்தியின் ஒலியோ விரைவில் தேய்ந்துவிடும். அவ்வெற்றிடத்தை நிரப்பவே அணி தேவைப்படுகிறது. அடுத்தடுத்த சுரங்களைத் தொட்டு வரலாம். மீட்டிய தந்தியிலேயே இடக்கை விரலால் தட்டி மேற்சுரத்தை எழுப்பலாம். விரலை வழுக்கி நம் ஜாருவைப் போல் இழைக்கலாம். ஆனால் தாள அடி விழும் இடத்தில் மெட்டின் சுரம் நிற்றல் வேண்டும். அணிக்குரிய இடம், பாடுவோர் மூச்சு வாங்கும் இடைவெளி. நம் பையன் இடைவெளியை மட்டுமின்றி அடியையும் நிரப்பிவிட்டான்.

காவடிச்சிந்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891), ஊற்றுமலை ஜமீன்தாரின் காவடியோடு கழுகுமலைக்கு நடக்கும் வழியில் பாடவென்று இயற்றியவை அவை என்பர். காலடியே அதன் தாளம். அடி மறைந்தால் காவடி எங்ஙனம் நடக்கும்?

நாம் வாழும் இவ்வங்க நாட்டையே பாருங்கள். ககன் ஹர்காரா என்பவர் கடிதப் பை சுமந்த தபால்காரர். பாவுல் பாடல்கள் பாடியவர். அவருடைய மெட்டொன்றைத் தழுவியே 1905-இல் இரவீந்திரர் ‘ஆமார் சோனார் பாங்லா’ பாடலை அமைத்தார். இன்று அது வங்காள தேசத்தின் தேசிய கீதம். மகாகவியின் கைபட்டும் தபால்காரரின் மெட்டு அழிந்துபடவில்லை. இந்நகரத்துப் பட்டுக் நந்தி, ஹவாயன் கிட்டாரில் எஃகுத் தண்டைத் தந்திமேல் இழைத்து இரவீந்திர சங்கீதம் வாசித்தார். சொல்லே இல்லாத அவ்வாசிப்பில் பாட்டை அறிந்தோர் சொல்லையும் கேட்டனர்.

அன்பர்களே! லேக் மார்க்கெட்டிலும் காளிகாட்டிலும் வளரும் நம் மக்கள் வங்காளமும் ஆங்கிலமும் இந்தியும் சரளமாகப் பேசுகின்றனர். அவை யாவும் நல்ல அணிகளே. நாம் குறை கூறோம். ஆனால் ஊரிலிருந்து வரும் பாட்டி, இவர்கள் பேச்சையும் கேட்டு, “இது என்ன பாட்டு?” என்று வினவும் நாள் வாராதிருக்க வேண்டும். மெட்டை முதலில் வெறுமையாகக் கற்பிப்பது நம் கடன். அணியை அவர்களே தேடிக்கொள்வர்.

பையன் இப்பொழுது பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, அவர் பாடப் பாட ஒவ்வொரு சுரமாக வாசிக்கிறான். அவர் தலையசைத்த பின்னரே ஓர் அணி சேர்க்கிறான். வரும் ஆண்டு விழாவில் முதலில் வெறும் மெட்டு, பின்னர் அணி, முடிவில் மீண்டும் மெட்டு என வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறான். அன்று தாங்கள் மேடையைப் பார்க்க வேண்டா. முன்வரிசையில் அம்மூதாட்டியின் கையைப் பாருங்கள்.