கணக்குச் சொன்ன திவான்



இங்கிலாந்தின் முதல் பிரதமர் என்று வரலாறு ராபர்ட் வால்போலைச் சொல்கிறது. 1721 முதல் 1742 வரை ஆட்சி அவர் கையில் இருந்தது. மன்னரின் தயவு கடைசிவரை அவருக்குக் குறையவில்லை. ஆனாலும் காமன்ஸ் சபையில் பெரும்பான்மை கைநழுவியதும் பதவியைவிட்டு இறங்கினார். மன்னரின் தயவு மட்டும் போதாது, சபையின் நம்பிக்கையும் வேண்டும் என்பதற்கு அது முன்னுதாரணம் ஆயிற்று.

நம் மைசூர்ச் சீமையிலும் ஓர் அரசுத் தலைவர் இருந்தார். அவரைக் கேள்வி கேட்க ஒரு சபையே இல்லை. அந்தச் சபையை அவரே உண்டாக்கினார்! அவர்தான் திவான் ரங்காச்சார்லு. செங்கல்பட்டுப் பக்கத்துச் செட்டிபுண்ணியம் அவருடைய பூர்விகம்.

அவர் பொறுப்பேற்ற காலத்தை எண்ணிப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மைசூர் சமஸ்தானத்தில் மட்டும் சுமார் 10 லட்சம் உயிர்கள் போயின. ஐம்பது ஆண்டு ஆங்கிலேயர் கமிஷனர் ஆட்சிக்குப் பிறகு, 1881 மார்ச் 25 அன்று நாடு மீண்டும் உடையார் வம்சத்திடம் வந்தது. மகாராஜா சாமராஜேந்திர உடையாருக்கு அப்போது 18 வயது. கஜானாவில் கடன், கிராமங்களில் பஞ்சத்தின் வடு. நிர்வாகச் சுமை முழுவதும் திவான் தோளில்.

அந்த நிலையில் வேறொருவர், "முதலில் நிர்வாகம் சீராகட்டும், மக்களை அப்புறம் கேட்கலாம்" என்றிருப்பார். ரங்காச்சார்லு ஏழு மாதம்கூடக் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 7, தசரா நேரம். விவசாயிகளும் வியாபாரிகளுமாக 144 பேரை மைசூருக்கு அழைத்தார். அரசின் வரவு செலவை, செய்த வேலையை, செய்யப்போகும் வேலையை அவர்கள் முன் எடுத்துவைத்தார். அதுதான் பிரஜாபிரதிநிதி சபை! இந்திய சமஸ்தானங்களில் அதுவே முதல். காங்கிரஸ் மகாசபை பிறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

அந்தச் சபைக்குச் சட்டம் இயற்றும் உரிமை இல்லை. திவானை இறக்கும் பலமும் இல்லை. உறுப்பினர்களும் நியமனம் பெற்றவர்களே. உண்மைதான். ஆனால், ஆள்பவன் ஆளப்படுபவனிடம் கணக்குச் சொல்லவேண்டும் என்ற வழக்கம் அன்று பிறந்தது. 1883 ஜனவரியில், பதவியேற்று இரண்டு ஆண்டு நிறையுமுன் ரங்காச்சார்லு மறைந்தார். வழக்கம் மறையவில்லை! அடுத்து வந்த திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1891இல், அந்தச் சபைக்குத் தேர்தல் வந்தது. 1923இல் அது சட்டப்படியான அந்தஸ்தும் பெற்றது.

பெரியோர்களே, இன்று நம் நகரத்தைப் பாருங்கள். 2020 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமலே ஐந்து ஆண்டுகளுக்குமேல் ஓடின. ஏரி நாறினாலும், சாலை குழியானாலும், எந்தக் கவுன்சிலரிடம் போய்க் கேட்பது? ஓட்டுரிமை இல்லாத குடிகளுக்கு 1881இல் ஒரு திவான் கணக்குச் சொன்னார். ஓட்டுரிமை உள்ள நாம் கணக்குக் கேட்காமல் இருக்கலாமா?

வார்டு கமிட்டிக் கூட்டங்களுக்குப் போங்கள். கன்னடத்தில் பேசுங்கள், தமிழில் பேசுங்கள், ஆனால் வாய்திறந்து பேசுங்கள். உங்கள் வரிப்பணம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். ரங்காச்சார்லுவுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுதான்.