ஒரு தாய் மக்களைப் பிரிக்கும் சட்டங்கள்

(குடியுரிமையும் சமத்துவமும் என்னும் பொருளில், கட்சி உறுப்பினர்கள் கூடிய அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மன்னிக்கவியலாத அந்தக் கொடுமையை நாடு முழுவதும் ஒரே குரலில் கண்டித்தது. அடுத்த சில நாட்களில், பாகிஸ்தான் குடிமக்களுக்கு வழங்கப்பட்டிருந்த விசாக்களை ஒன்றிய அரசு ரத்து செய்து, அவர்கள் வெளியேறக் கெடு விதித்தது. அந்த வாரம் அட்டாரி எல்லைச் சாவடியில் வந்து நின்றவர்களுள் தாய்மார்களும் இருந்தார்கள். தாயின் கையில் இந்தியக் கடவுச்சீட்டு. அவள் பெற்ற குழந்தையின் பெயரில் பாகிஸ்தான் கடவுச்சீட்டு. குழந்தை நாட்டைவிட்டுப் போக வேண்டும். தாய்க்கோ எல்லையைக் கடக்க அனுமதி இல்லை. அழுகின்ற குழந்தையை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் திரும்பி நடந்த காட்சிகள் நாளேடுகளில் வெளிவந்தன.

அந்தத் தாயோ குழந்தையோ எந்தக் குற்றமும் செய்யவில்லை. எனினும் தண்டனை அவர்களுக்குக் கிடைத்தது. ஏன்? குடியேற்றச் சட்டத்தின் கண்ணுக்கு மனிதர் தெரிவதில்லை. ஆவணம் மட்டுமே தெரிகிறது. ஒரே வீட்டில் இரண்டு வகை ஆவணங்கள் இருந்தால், அந்த வீட்டை இரண்டாகப் பிளப்பதற்குச் சட்டம் தயங்குவதில்லை. புலம்பெயர்ந்தவரைச் சமமாக நடத்துவது பற்றிய விவாதம் அயலாருக்குக் காட்டும் கருணை பற்றியது என்று பலரும் கருதுகிறார்கள். அது பிழை. அந்தச் சமத்துவம் மறுக்கப்படும்போது, இந்தியக் குடிமக்களின் குடும்பங்களே முதலில் சிதைகின்றன.

'எந்தவொரு நபருக்கும்'

அரசமைப்புச் சட்டத்தை வகுத்தவர்கள் சொற்களை ஆராய்ந்தே கையாண்டார்கள். பேச்சுரிமையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் வழங்கும் 19ஆவது பிரிவு, அவற்றைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. சட்டத்தின் முன் சமத்துவத்தைக் கூறும் 14ஆவது பிரிவும், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்திற்கும் பாதுகாப்பளிக்கும் 21ஆவது பிரிவும் 'குடிமகன்' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. 'நபர்' என்றே குறிப்பிடுகின்றன. இந்திய மண்ணில் நிற்கும் எந்த மனிதருக்கும் அவை பொருந்தும்.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து 1960களில் வெளியேறி வந்த சக்மா மக்கள் இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். பின்னாளில் அவர்களை வெளியேற்றப் போவதாக அங்கே மிரட்டல்கள் எழுந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் தொடுத்த வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குடிமக்கள் அல்லாதாரின் உயிரையும் சுதந்திரத்தையும் காப்பது அரசின் கடமை என்று கூறியது. அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை முறைப்படி பரிசீலிக்கவும் ஆணையிட்டது.

ஆயினும் ஓர் இடைவெளி தொடர்கிறது. அயல்நாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் ஒன்றிய அரசுக்குக் கட்டுப்பாடின்றி உண்டு என்று 1955 முதலே உச்ச நீதிமன்றம் கூறி வந்திருக்கிறது. உயிர்வாழும் உரிமை உண்டு. ஆனால் மனைவி மக்களோடு ஒரே இடத்தில் வாழும் உரிமை அதனுள் அடங்குமா என்ற கேள்விக்கு இந்தியக் குடியேற்றச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. குடும்பத்திற்கு அரசின் பாதுகாப்பு உரியது என்று கூறும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 1979இல் ஏற்றது. குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கையை 1992இல் ஏற்றது. உலக அரங்கில் ஏற்ற பொறுப்பு உள்நாட்டுச் சட்டத்திற்குள் இன்னும் வந்து சேரவில்லை.

மூன்று தேதிகள்

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இந்திய மண்ணில் பிறந்த குழந்தை இந்தியக் குடிமகன் என்ற எளிய நெறியில் தொடங்கியது. பெற்றோர் யார், எந்த வழியில் வந்தார்கள் என்று அது வினவவில்லை. அசாம் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, 1986இல் ராஜீவ் காந்தி ஆட்சியில் அச்சட்டம் திருத்தப்பட்டது. 1987 ஜூலை 1 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றாயிற்று. வாஜ்பாய் ஆட்சியில் 2003இல் நிறைவேறிய திருத்தம் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' எனில் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. உரிய ஆவணமின்றி நாட்டிற்குள் வந்தவர் எல்லாரும் சட்டத்தின் மொழியில் சட்டவிரோதக் குடியேறிகளே. குண்டுவீச்சுக்குத் தப்பிப் படகேறி வந்தவரும் அவருள் ஒருவர்.

இதன் விளைவை ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். 1983 இனக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து தப்பி வந்து தமிழ்நாட்டு முகாமொன்றில் தங்கிய கணவன் மனைவி என்று கொள்வோம். அவர்களுக்கு 1984இல் ஒரு மகள் பிறக்கிறாள். சட்டப்படி அவள் இந்தியக் குடிமகள். 1990இல் ஒரு மகன் பிறக்கிறான். அவன் குடிமகன் அல்லன். அக்காளும் தம்பியும் அதே முகாமில், அதே கூரையின் கீழ் வளர்கிறார்கள். மகள் வளர்ந்து, முகாமிலேயே வாழும் ஓர் ஏதிலி இளைஞரை மணக்கிறாள். அவளுக்கு 2004 அக்டோபரில் பிறக்கும் முதற்குழந்தை குடியுரிமை பெறுகிறது. 2006இல் பிறக்கும் இரண்டாம் குழந்தைக்கு அது இல்லை. தாயும் அவளே, தந்தையும் அவரே, ஊரும் அதுவே. மாறியது நாட்காட்டி மட்டும்.

சட்டம் கொடுத்த உரிமையைப் பெறுவதும் எளிதாக இல்லை. 1987 ஜூலைக்கு முன் முகாமில் பிறந்த ஒரு பெண், தாம் இந்தியக் குடிமகள் என்பதை நிலைநாட்டிக் கடவுச்சீட்டு பெறுவதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாட வேண்டியிருந்தது. 2022இல்தான் அவருக்குச் சாதகமாக ஆணை பிறந்தது. அப்படி வென்ற பெண்ணின் கணவர் ஏதிலியாக இருப்பின், ஏழாண்டு வாழ்ந்த வாழ்க்கைத் துணைக்குப் பதிவின் வழியே குடியுரிமை தரும் 5ஆவது பிரிவும் அவருக்கு உதவாது. சட்டவிரோதக் குடியேறி அந்தப் பிரிவில் விண்ணப்பிக்கவே முடியாது.

தாயின் பெயர் எங்கே?

குடும்பத்தைப் பற்றிய சட்டம் பெண்ணை எப்படிக் கருதியது என்பதும் கவனிக்கத்தக்கது. அரசமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, தாய் தந்தை இருவருள் எவர் இந்தியாவில் பிறந்திருந்தாலும் போதும் என்று கூறி இருவரையும் சமமாக வைத்தது. ஆனால் 1955ஆம் ஆண்டின் சட்டம், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை வழியாக மட்டுமே குடியுரிமை தந்தது. வெளிநாட்டில் வாழ்ந்த இந்தியத் தாய் தன் குழந்தைக்குத் தன் நாட்டைக் கொடுக்க இயலவில்லை. அந்த அநீதி நீங்க 1992 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அசாமில் தேசியக் குடிமக்கள் பதிவேடு தயாரானபோது இதே சுமை வேறு வடிவில் வந்தது. 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன் முன்னோர் அங்கே வாழ்ந்ததற்கு ஆவணம் வேண்டும். அந்த முன்னோரின் வாரிசு என்பதற்கும் ஆவணம் வேண்டும். பள்ளிக்குச் செல்லாத, பிறப்புச் சான்றிதழ் இல்லாத, இளவயதில் மணமாகிக் கணவனின் ஊருக்குச் சென்ற ஏழைப் பெண், இன்னார் மகள் என்று எதைக் கொண்டு மெய்ப்பிப்பாள்? ஊராட்சிச் செயலர் தரும் சான்றிதழே அவளுக்கு இருந்த ஒரே பிடி. அதையும் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சரிபார்ப்புக்கு உட்பட்டு ஏற்கலாம் என்றது. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. தந்தை பெயர் இருக்க மகன் பெயர் இல்லாத வீடுகள், கணவன் உள்ளே மனைவி வெளியே என்ற வீடுகள் அங்கே ஏராளம். அயல்நாட்டவர் என்று தீர்ப்பாயம் அறிவித்தவர்கள் பல ஆண்டுகள் மாவட்டச் சிறைகளுக்குள்ளேயே, ஆண்கள் வேறாகவும் பெண்கள் வேறாகவும் அடைக்கப்பட்டார்கள்.

இத்தனைக்கும் அடித்தளம், 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம் வகுத்த விதி. ஒருவர் அயல்நாட்டவர் என்று அரசு ஐயுற்றால், தாம் அப்படியல்லர் என்று அவரே மெய்ப்பிக்க வேண்டும். காலனி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் பிறந்த அந்தச் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நீங்கியது. அதனிடத்தில் வந்த குடிவரவு மற்றும் அயல்நாட்டவர் சட்டமும் அதே விதியை அப்படியே வைத்துக்கொண்டது.

மதமும் பணமும்

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம், ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தினருக்குக் குடியுரிமைக் கதவைத் திறந்தது. துன்புற்று வந்த இந்துவுக்கோ கிறிஸ்தவருக்கோ புகலிடம் கொடுப்பதை இடதுசாரிகள் எதிர்க்கவில்லை. அதே துன்பத்தோடு வந்தவர் முஸ்லிம் என்பதற்காக வாசலை அடைப்பதையே எதிர்க்கிறார்கள். அன்றைய கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, 2019 டிசம்பர் 31 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றச் செய்து, அடுத்த மாதமே 131ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் சென்றது இந்த அடிப்படையில்தான்.

மத அடிப்படையையும் அச்சட்டம் நேர்மையாகக் கையாளவில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும். அந்நாடு பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் பிறந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு என்பது குடியுரிமை ஆகாது.

மறுபக்கம் பாருங்கள். வெளிநாட்டில் வளம் பெற்று அயல்நாட்டுக் குடியுரிமை எடுத்துக்கொண்ட இந்திய வம்சாவளியினருக்கு ஓசிஐ அட்டை உண்டு. வாழ்நாள் முழுவதும் விசா உண்டு. அவரை மணந்த வெளிநாட்டவரும், திருமணம் பதிவாகி ஈராண்டு தொடர்ந்திருந்தால், அதே அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப ஒற்றுமையைச் சட்டம் அறியாமல் இல்லை, அறிந்திருக்கிறது. அது யாருடைய குடும்பம் என்பதைப் பொறுத்தே அதன் நெஞ்சம் இளகுகிறது. முகாமில் நாற்பதாண்டு வாழ்ந்த தொழிலாளிக்கு அது இளகுவதில்லை.

'வேலையைப் பறிக்கிறார்கள்'

எல்லையைக் காக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமையின் பெயரால் தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக நிறுத்தும் அரசியலைக் கண்டுகொள்ள வேண்டும். 1870இல் எழுதிய கடிதமொன்றில் மார்க்ஸ், ஆங்கிலேயத் தொழிலாளியும் அயர்லாந்துத் தொழிலாளியும் ஒருவரையொருவர் பகைப்பதே முதலாளி வர்க்கத்தின் ஆதிக்கம் நீடிக்கும் இரகசியம் என்று விளக்கினார். ஆவணமற்ற தொழிலாளி கூலியைக் கேட்டு வாதாட முடியாது. நாடு கடத்தப்படும் அச்சமே அவரது வாயை அடைத்துவிடும். அவரது கூலி தாழும்போது அருகில் நிற்கும் குடிமகனின் கூலியும் தாழ்கிறது. அவருக்கு உரிமை கிடைத்தால் இருவர் கூலியும் உயரும்.

அந்த வலை எங்கே போய் முடியும் என்பதையும் 2025 காட்டியது. பல மாநில நகரங்களில் வங்க மொழி பேசிய தொழிலாளர்கள் வங்கதேசத்தவர் என்ற ஐயத்தில் பிடித்துச் செல்லப்பட்டார்கள். எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டவர்களுள் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த இந்தியர்களும் இருந்தது பின்னர் தெரியவந்து, அவர்கள் திரும்ப அழைத்துவரப்பட்டார்கள். பேசிய மொழியும் உழைத்த வறுமையுமே அவர்கள் மீதான ஐயத்திற்குக் காரணம்.

தோழர்களே, 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அமெரிக்க மண்ணில் பிறந்தாலும், பெற்றோர் தற்காலிக விசாவில் இருந்தால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அது. அங்கே பணிபுரியும் இந்தியக் குடும்பங்கள் பதறின. அந்தப் பதற்றம் நியாயமானது. கீழமை நீதிமன்றங்கள் அந்த ஆணைக்கு உடனே தடை விதித்தன. ஆனால் டிரம்ப் செய்ய முயன்றதற்கு ஒப்பானதை இந்தியா 1987லும் 2004லும் சட்டமாகவே செய்து முடித்துவிட்டது. அமெரிக்காவில் பிறந்த இந்தியக் குழந்தைக்குக் கோரும் நீதியை, இந்தியாவில் பிறந்த ஏதிலிக் குழந்தைக்கு மறுப்பது எந்த அறம்?

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. மத வேறுபாடற்ற ஏதிலியர் சட்டம் ஒன்று வேண்டும். இந்திய மண்ணில் பிறக்கும் குழந்தை நாடற்றதாகக் கூடாது. பெற்றோரின் ஆவணக் குறைக்காகக் குழந்தையைத் தண்டிக்கும் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் நீங்க வேண்டும். குடிமக்களை மணந்து வாழும் ஏதிலியர் பதிவின் வழியே குடியுரிமை பெற வழி திறக்க வேண்டும். ஒருவரை அயல்நாட்டவர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார வேண்டும். தாயையும் குழந்தையையும் பிரிக்கும் எந்த வெளியேற்ற ஆணையும் நீதிமன்றத்தின் ஆய்வுக்குப் பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிய தத்துவம் அன்று. 14ஆவது பிரிவில் 'நபர்' என்று எழுதியவர்கள் அன்றே சொல்லி வைத்ததுதான். அட்டாரியில் அழுது நின்ற குழந்தையும் ஒரு நபரே. அதை ஏற்கின்ற சட்டத்தைப் போராடிப் பெறுவது இன்றைய தலைமுறையின் கடமை.